பாதிப் பாரம்

பாலத்தின் மேல் எட்டாவது அடி வைத்தபோதே குமுதாவுக்குத் தெரிந்துவிட்டது, காலுக்குக் கீழே இருப்பது அவள் வரைந்த பாலம் இல்லை.

அவள் நின்றாள். பாலம் நிற்கவில்லை. அவள் கால் பட்ட இடத்திலிருந்து மெல்லிய அலை ஒன்று கிளம்பி முன்னால் ஓடியது. நடுவைத் தாண்டி, அக்கரைக் கோபுரத்தில் முட்டித் திரும்பி வந்து, அவள் முழங்காலைத் தொட்டுவிட்டுத்தான் அடங்கியது. தொண்ணூற்றிரண்டு மீட்டர் நீளம். ஒரு ஆள் நடந்ததற்கே இப்படி என்றால்.

குனிந்து பலகையைத் தொட்டாள். பழுப்பு நிறம், மரத்தின் ரேகைகள், எல்லாம் இருந்தன. விரலால் தட்டியபோது மட்டும் தண்ணீர்க் குடத்தைத் தட்டுவது போன்ற சத்தம் வந்தது. மரமில்லை. மரத்தூளும் பிளாஸ்டிக்கும் சேர்த்து அச்சில் வார்த்த பலகை.

"எப்படி மிஸ், அழகா இல்ல?" பின்னால் வந்த திருநாவுக்கரசு கேட்டார். பாலத்தைக் கட்டிய குத்தகைக் கம்பெனியின் மேற்பார்வையாளர், ஐம்பது வயதுக்காரர், வேலையாட்கள் அவரை அரசண்ணே என்பார்கள். "மரப் பலகைன்னா நம்ம ஆளுங்களுக்கு முதுகு ஒடஞ்சிருக்கும். இத ரெண்டு பேரு அரை நாள்ல ஏத்தி முடுக்கிட்டானுங்க. சிகரெட் புடிச்சிக்கிட்டே."

"யாரு மாத்தச் சொன்னா அரசண்ணே?"

அவர் சிரித்தார். பிறகு அவள் விளையாடவில்லை என்று புரிந்து சிரிப்பை நிறுத்தினார். "நீங்கதான மிஸ் சைன் போட்டு அனுப்புனீங்க."

பாலிக் புலா ஊருக்கு மேற்கே, டுரியான் தோட்டங்களுக்கு நடுவில் இருந்த அந்தப் பள்ளத்தின் இக்கரையில் ஏற்கெனவே கூடாரம் போட்டிருந்தார்கள். நெகிழி நாற்காலிகள் அடுக்கடுக்காக வந்து இறங்கிக்கொண்டிருந்தன. ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்குத் திறப்பு விழா. இன்று வெள்ளி. அக்கரைக் கம்பம் ஒரு சின்னக் கிராமம்; அதன் பிள்ளைகள் இனிப் பள்ளிக்கூடத்துக்கு ஆறு கிலோமீட்டர் சுற்ற வேண்டியதில்லை. டுரியான் சீசனில் கூடைகளைத் தலையில் வைத்துப் பள்ளம் இறங்கி ஏற வேண்டியதில்லை. அதற்காக இரண்டு வருடம் உழைத்த பாலம்.

திருநாவுக்கரசு தன் வேனிலிருந்து கோப்பை எடுத்து வந்து காட்டினார். பலகை மாற்றத்துக்கான திருத்த வரைபடம். வடிவமைத்தவர்: ஹைதர், அவள் கூட்டாளி. அதோடு இணைத்திருந்த சரிபார்ப்புத் தாள். 'தனியாகக் கணக்கிட்டுச் சரிபார்க்கப்பட்டது' என்று அச்சிட்ட வரிக்குக் கீழே குமுதாவின் கையெழுத்து, குமுதாவின் முத்திரை. தேதி ஜூன் பன்னிரண்டு. அன்றைக்கு அவள் ஈப்போ மருத்துவமனையில், அப்பாவின் இதய அறுவைக்காக, மூன்றாம் மாடிப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள்; அங்கிருந்து இன்றுதான் திரும்பியிருந்தாள்.

யாரோ தன் கையெழுத்தைப் போலப் போட்டிருக்கிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தாள். அப்படி இருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஆனால் கடைசி எழுத்தில் பேனா லேசாக இழுபட்டு, ஒரு சின்ன வால் விழுந்திருந்தது. அலுவலகத்தில் அவள் மேசையின் ஒரு மூலையில் கீறல் உண்டு. அதன் மேல் தாளை வைத்துக் கையெழுத்துப் போட்டால் வால் விழும். போட்டது அவளேதான். போடும்போது அந்தத் தாளில் வேறு எதுவும் எழுதியிருக்கவில்லை.

"மிஸ், ஏதாச்சும் பெரச்சனையா?"

"யாரையும் பாலத்துல ஏத்தாதீங்க அரசண்ணே. சாயங்காலம் வரைக்கும். நான் ஃபோன் பண்றேன்."

"நாளைக்கு ரிஹர்சல் இருக்கு மிஸ். பள்ளிக்கூடப் பிள்ளைங்க கொம்பாங் மேளம் அடிச்சிக்கிட்டு வருவாங்க."

"அதனாலதான் சொல்றேன்."

மலைச்சாலையில் வளைந்து வளைந்து ஜார்ஜ் டவுனுக்குத் திரும்பும்போது அவளுக்கு ஹைதர் மேல் கோபம் வரவில்லை. ஒரு விளக்கம் இருக்கும் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தாள். பதினாறு வருடம் ஒரே அறையில் வேலை செய்தவனுக்கு ஒரு விளக்கம் இருக்காதா?

அவர்கள் அலுவலகத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஒருவர் வடிவமைத்தால் மற்றவர் சரிபார்க்க வேண்டும். சரிபார்ப்பதென்றால் முதல் ஆளின் கணக்கைப் புரட்டிப் பார்த்து டிக் அடிப்பது அல்ல. பின்னறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, வரைபடத்தை மட்டும் வைத்து, முதல் எண்ணிலிருந்து தானாகப் போட வேண்டும். பிறகு இருவரும் தங்கள் தாள்களை மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைப்பார்கள். எண்கள் ஒத்துப்போனால் கீழே தேநீர்க் கடையிலிருந்து இரண்டு தே வரும். ஒத்துப்போகாவிட்டால் தப்பு செய்தவர் தே வாங்கித் தர வேண்டும். பதினாறு வருடத்தில் ஹைதர் பதினொரு தே அதிகமாக வாங்கித் தந்திருந்தான்.

சின்ன வேலைகளுக்கு இதெல்லாம் முடியாது. தண்ணீர்த் தொட்டி வைக்கிற மேடை, சாக்கடை மூடி, கடைப் பெயர்ப்பலகையின் தாங்கி. ஒருவர் பிறை நகரத்தில் ஏதோ தொழிற்சாலையில் மாட்டிக்கொண்டிருக்கும்போது மற்றவர் அலுவலகத்தில் தாளை அனுப்பியாக வேண்டும். அதற்காக இருவரும் சில தாள்களில் முன்கூட்டியே கையெழுத்தும் முத்திரையும் போட்டு, சீனப் பெருநாளுக்கு யாரோ கொடுத்த பழைய பிஸ்கட் டின்னில் வைத்திருந்தார்கள். செய்யக்கூடாத காரியம், இருவருக்கும் தெரியும். ஆனால் டின்னுக்கும் ஒரு சட்டம் இருந்தது. எடுக்கிறவர் ஃபோன் பண்ணிச் சொல்ல வேண்டும். ஆள் நடக்கிற எதற்கும் டின் தாள் கிடையாது.

ஈப்போவுக்குக் கிளம்புவதற்கு முந்தைய நாள் அவள் ஆறு தாளில் கையெழுத்துப் போட்டாள். ஹைதர் பக்கத்தில் நின்று முத்திரை குத்தக் கொடுத்துக்கொண்டிருந்தான். "நீ அப்பாவப் பாரு. இங்க நான் இருக்கேன்" என்றான்.

படியேறி அவள் உள்ளே போனபோது ஹைதர் கணினியில் ஏதோ தட்டிக்கொண்டிருந்தான். எழுந்து வந்தான். முகத்தில் உண்மையான மகிழ்ச்சி இருந்தது; அதுதான் பிறகு அவளை அதிகம் உறுத்தியது.

"வந்துட்டியா. அப்பா எப்படி இருக்காரு? சாப்புடுறாரா?"

"பலகைய ஏன் மாத்துன?"

"உக்காரு லா மொதல்ல."

"ஏன் மாத்துன ஹைதர்?"

அவன் நாற்காலியைத் திருப்பி உட்கார்ந்தான். "மரம் கெடைக்கல. சப்ளையர் ஆகஸ்ட்டுலதான் முடியும்னுட்டான். தொறக்குற தேதிக்கு போஸ்டர் அடிச்சி ஒட்டியாச்சு. நீ ஐ.சி.யூ. வாசல்ல நிக்கிற. ஒன்கிட்ட நான் பலகையப் பத்திப் பேசவா?"

"தெனம் ராத்திரி ஃபோன் பண்ணுன. அப்பாவுக்கு பிளட் எத்தன பேக் ஏத்துனாங்கன்னு கேட்ட. காலு வீக்கம் வத்துச்சான்னு கேட்ட. ஒரு நாளும் ஒரு வார்த்த வரல."

"ஒன்ன பயமுறுத்த வேணாம்னுதான்."

"பயப்படுற மாதிரி ஏதோ இருக்குன்னு ஒனக்குத் தெரிஞ்சிருக்கு."

அவன் தோளுக்குப் பின்னால் கணினித் திரையில் பாலத்தின் படம் பெரிதாக இருந்தது. அடுத்த மாதம் கோலாலம்பூரில் நடக்கும் பொறியாளர் மாநாட்டில் அவன் பேசப்போகிற உரையின் முதல் பக்கம். படத்துக்குக் கீழே கொட்டை எழுத்தில், இந்த நீளத்துக்கு ஒரு மீட்டருக்கு இவ்வளவுதான் எடை, இந்த வகையில் இதைவிட இலகுவானது நாட்டில் இல்லை என்று எழுதியிருந்தது. அந்த எண்ணை அவள் படித்தாள். மரப் பலகையோடு அந்த எண் வராது.

அவள் எதைப் பார்க்கிறாள் என்று அவன் கவனித்தான். "ஒன் பேரும் இருக்கு, பாரு. மொதப் பேரே ஒன் பேருதான்."

மனிதர்களைத் தாங்குகிற தொங்கு பாலம் துணி காயப்போடும் கொடியைப் போலத்தான். வெறும் கொடியின் ஒரு ஓரத்தில் ஈரச் சட்டை ஒன்றைப் போட்டால் அந்த ஓரம் தாழும், மறு ஓரம் மேலே எழும். அதே கொடியில் முழுக்க ஈரப் போர்வைகள் தொங்கிக்கொண்டிருந்தால் கூடுதலாக ஒரு சட்டை அதை அசைக்காது. கொடியின் சொந்தப் பாரமே அதை விறைப்பாகப் பிடித்து வைத்திருக்கிறது. இருநூறு வருடமாகப் பொறியாளர்கள் இந்த ஆட்டத்தை அடக்க நடைபாதையின் இருபுறமும் இரும்புச் சட்டகம் கட்டி வந்திருக்கிறார்கள். ஆரம்பத்தில், பாலத்தைத் தூக்கிப் பிடிக்கும் வடத்தின் விறைப்பைக் கணக்கில் சேர்க்காததால் சட்டகம் தேவைக்கு மேல் பருத்திருந்தது. பிறகு சேர்த்தார்கள், சட்டகம் மெலிந்தது. மெலிந்துகொண்டே போய், 1940-ல் அமெரிக்காவில் ஒரு பெரிய பாலம், திறந்து நான்கே மாதத்தில், புயல்கூட இல்லாத காற்றில் முறுக்கிக்கொண்டு கடலில் விழுந்தது.

குமுதாவும் ஹைதரும் செய்தது பெரிய கண்டுபிடிப்பு ஒன்றுமில்லை. கம்பத்து நடைபாலங்களுக்கு ஏற்ற நடுவழி ஒன்றைக் கண்டார்கள். கனமான மரத் தளம், மெல்லிய சட்டகம், நட்டநடுவில் வடத்தையும் சட்டகத்தையும் ஒரே பிடியில் பூட்டுவது. மூன்றும் சேர்ந்தால்தான் பாலம். தளத்தின் கனத்தை எடுத்துவிட்டால் அந்தச் சட்டகம் போதாது. இதைப் பற்றி இருவரும் சேர்ந்து எழுதிய குறிப்பு ஒன்று பின்னறைச் சுவரில் நான்கு வருடமாக ஒட்டியிருந்தது. எழுதிய கை ஹைதருடையது.

"கணக்கக் குடு" என்றாள்.

நான்கு பக்கம் எடுத்து நீட்டினான். அவள் நின்றபடியே புரட்டினாள். பாலம் முழுக்க ஆட்கள் நின்றால் என்ன ஆகும் என்ற கணக்கு. எல்லா எண்களும் முன்பைவிட நன்றாக இருந்தன. இருக்கத்தான் செய்யும்; எடை குறைந்தால் முழுப் பாரத்தில் வடத்துக்குச் சுமை குறையும்.

"பாதிப் பாரம் எங்க?"

பாதிப் பாலத்தில் மட்டும் கூட்டம் நிற்கிற கணக்கு அது. தொங்கு பாலத்துக்குக் கஷ்டமான நேரம் அதுதான் என்பது அந்தச் சுவர்க் குறிப்பின் முதல் வரி. ஞாயிற்றுக்கிழமை காலை ரிப்பனை வெட்டிவிட்டு முக்கியஸ்தர்கள் முன்னால் நடப்பார்கள். நடுவில் நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். ஊரே அவர்கள் பின்னால் ஏறி நெருக்கிக்கொண்டு நிற்கும். இக்கரைப் பாதி நிரம்பும்; அக்கரைப் பாதி காலியாக இருக்கும்.

ஹைதர் கைக்கடிகாரத்தைப் பார்த்தான். "ஜும்மாவுக்கு நேரமாச்சு."

"நீ போடலையா, இல்ல போட்டுப் பாத்துட்டு உள்ள வைக்கலையா?"

அவன் சட்டைக் கையை இறக்கிவிட்டுப் பொத்தான் போட்டான். இடது கை முடித்து வலது கை.

"ஹைதர், நிறுத்தச் சொல்லி இப்பவே லெட்டர் போடுவோம். ரெண்டு பேரும் கையெழுத்து போட்டுக் குடுப்போம். மரம் வர்ற வரைக்கும் மூடி வைக்கட்டும். யாரும் ஒன்னும் சொல்ல மாட்டாங்க."

"ஞாயித்துக்கெழம முடியட்டும். திங்கக்கெழம ஏதாச்சும் காரணம் சொல்லி மூடலாம். ஒரு நாளு லா குமுதா. ஒரு நாளுல என்னா ஆயிடும்?"

"அந்த ஒரு நாளுதான் பாதிப் பாரம்."

"நான் கையெழுத்துப் போட மாட்டேன்." குரல் உயரவில்லை. சாப்பிட்டாயா என்று கேட்கிற அதே குரல். "அந்தத் தாள்ல இருக்கறது ஒன் கையெழுத்து. நான் போட்டது இல்ல. நீ தனியா நிறுத்தப் போனா, வெத்துத் தாள்ல ஏன் கையெழுத்து போட்டன்னு மொதல்ல ஒன்னத்தான் கேப்பாங்க. ஒன் லைசென்ஸ்தான் போவும். என்னக் கேட்டா, நீ செக் பண்ணிக் குடுத்தன்னுதான் சொல்லணும். நான் வேற என்னா சொல்ல முடியும், நீயே சொல்லு."

தொப்பியை எடுத்துக்கொண்டு படியிறங்கினான். கீழே அவன் மோட்டார் சைக்கிள் கிளம்பும் சத்தம் கேட்டது.

குமுதா பின்னறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அறையில் வேறு யாரும் இல்லாதபோதும் கதவைச் சாத்தினாள். வழக்கம் அப்படி. வரைபடத்தை விரித்து, புதிய பலகையின் எடையிலிருந்து தொடங்கினாள். ஒரு மணி நேரமும் இருபது நிமிடமும் ஆயிற்று. கடைசியில், பாதிப் பாரத்தில், சட்டகத்தின் மேல்பக்க இரும்பில் அனுமதித்த சுமையைவிட முப்பத்தொரு சதவீதம் அதிகமாக வந்தது. இன்னொரு தடவை போட்டாள். முப்பத்தொன்றுதான். பாலம் முறியும் என்று இந்த எண்ணை வைத்துச் சொல்ல முடியாது. முறியாது என்றும் சொல்ல முடியாது. கொம்பாங் அடித்துக்கொண்டு பிள்ளைகள் ஒரே தாளத்தில் அடி வைத்து நடந்தால் என்ன ஆகும் என்பதை அவள் கணக்குப் போடவில்லை. போட மனமில்லை.

தாளை மேசையில் வைத்தாள். பக்கத்தில் வைக்க இன்னொரு தாள் இல்லை.

நிறுத்தக் கடிதத்துக்கு இரண்டு கையெழுத்து வேண்டும். அனுமதி வாங்கியபோது மாவட்ட அலுவலகத்துக்கு அவர்களே எழுதிக் கொடுத்த விதி அது. இருவரும் பார்க்காமல் எங்கள் அலுவலகத்திலிருந்து எதுவும் வெளியே வராது என்று பெருமையாக எழுதிக் கொடுத்திருந்தார்கள்.

அலமாரியைத் திறந்து பிஸ்கட் டின்னை எடுத்தாள். அவளுடைய தாள்கள் இரண்டு மீதமிருந்தன. அவற்றுக்குக் கீழே ஹைதரின் தாள்கள். ஏழு. ஏழிலும் அவன் கையெழுத்து, அவன் முத்திரை, மற்றபடி வெறுமை.

ஒன்றை உருவி மேசையில் வைத்தாள்.

பேனா மூடியைக் கழற்றினாள். 'வேலை' என்ற இடத்தில் பாலத்தின் பெயரை எழுத வேண்டும். கீழே, திருத்தம் திரும்பப் பெறப்படுகிறது, பாலத்தை மூடவும் என்று இரண்டு வரி. பிறகு அவள் கையெழுத்து. அவ்வளவுதான். யாருக்கும் எதுவும் ஆகாது. அவள் லைசென்ஸ் பிழைக்கும், பிள்ளைகள் பிழைப்பார்கள், அது உன் கையெழுத்துதான், நான் போட்டது இல்லை என்று அவனிடம் அவளும் சொல்லலாம். பேனா முனை தாளுக்கு மேலே நின்றது. எவ்வளவு சுலபமாக இருக்கிறது என்று அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது. ஜூன் பன்னிரண்டாம் தேதி அவனும் இதே நாற்காலியில்தான் உட்கார்ந்திருப்பான். இரவு அவளுக்கு ஃபோன் பண்ணி, அப்பா கஞ்சி குடித்தாரா என்று கேட்டிருப்பான்.

பேனாவை மூடினாள். ஹைதரின் ஏழு தாள்களையும் ஒரு உறையில் போட்டு அவன் மேசை இழுப்பறையில் வைத்தாள். தான் மட்டும் கையெழுத்திட்டு ஒரு நிறுத்தக் கடிதம் எழுதி, அதையும் தன்னுடைய இரண்டு வெற்றுத் தாள்களையும் புதிய கணக்கையும் எடுத்துக்கொண்டு மறுபடியும் மலைச்சாலையில் ஏறினாள்.

வெள்ளிக்கிழமை மதிய இடைவேளை முடிந்து பாலிக் புலாவில் மாவட்ட அலுவலகம் திறந்த நேரம். நூர் ஃபாத்திஹா என்ற அதிகாரி அவளுக்கு ஏற்கெனவே தெரிந்தவர். கணக்கைக் கவனமாகப் பார்த்தார், கடிதத்தைப் படித்தார், மலாயில் கேட்டார்.

"புவான் குமுதா, இதில் உங்கள் கையெழுத்து மட்டும்தான் இருக்கிறது. உங்கள் கூட்டாளியுடையது?"

"அவர் போடவில்லை."

"அப்படியென்றால் இதை வைத்து நான் எதையும் நிறுத்த முடியாது. அனுமதி இருக்கிறது. நீங்களே சரிபார்த்துக் கொடுத்த தாள் இருக்கிறது."

குமுதா பையிலிருந்து இரண்டு வெற்றுத் தாள்களை எடுத்து அவர் முன்னால் வைத்தாள். கையெழுத்து, முத்திரை, கடைசி எழுத்தில் சின்ன வால்.

"அந்தத் தாளும் இப்படித்தான் இருந்தது" என்றாள். "நான் சரிபார்க்கவில்லை. அன்று நான் ஈப்போவில் இருந்தேன். சரிபார்க்காத பாலத்துக்கு நீங்கள் கொடுத்த அனுமதி செல்லாது."

நூர் ஃபாத்திஹா இரண்டு தாள்களையும் கோப்பிலிருந்த தாளோடு ஒப்பிட்டுப் பார்த்தார். "இதை நீங்கள் எழுத்தில் கொடுக்க வேண்டும். கொடுத்தால் நான் இதைப் பொறியாளர் வாரியத்துக்கு அனுப்பாமல் இருக்க முடியாது. தெரியும்தானே?"

"தெரியும்."

"உட்கார்ந்து எழுதுங்கள்."

நாலரை மணிக்குப் பாலத்தின் இருபுறமும் மஞ்சள் நாடா கட்டிவிட்டதாகத் திருநாவுக்கரசு ஃபோன் பண்ணினார். "நாற்காலியெல்லாம் திரும்பப் போவுது மிஸ். ஊருக்காரங்க என்னத் திட்டுறாங்க. நான் ஒங்களக் கை காட்டிட்டேன், கோவிச்சிக்காதீங்க" என்றார். அவள் கோபித்துக்கொள்ளவில்லை.

தன் சாமான்களை எடுத்துக்கொள்ள அலுவலகத்துக்கு வந்தபோது ஆறு மணி ஆகியிருந்தது. ஹைதர் தன் மேசையில் இருந்தான். முகம் வெளுத்திருந்தது. அவனுக்கு அதற்குள் நாலைந்து பேர் ஃபோன் பண்ணியிருப்பார்கள்.

"ஒன்னையே அழிச்சிக்கிட்டியே" என்றான். "பைத்தியமா ஒனக்கு? எனக்காகச் சொல்லல. ஒனக்காகத்தான் சொல்றேன்."

ஒரு கணம் அவள் அதை நம்பினாள். பதினாறு வருடம் அவ்வளவு சீக்கிரம் போய்விடாது. அவன் எழுந்து வந்து மன்னித்துக்கொள் என்று ஒரு வார்த்தை சொன்னால் என்ன செய்வது என்றுகூட யோசித்தாள்.

"டின்னுல என் தாளுங்க இல்லையே?" என்றான்.

"ஒன் டிராயர்ல கவர் இருக்கு."

அவன் இழுப்பறையைத் திறந்தான். உறையைப் பிரித்துத் தாள்களை வெளியே எடுத்தான். அவள் அங்கேயே நின்றுகொண்டிருக்கிறாள் என்பதை மறந்துபோனவன் போல, கட்டைவிரலை நாக்கில் தொட்டு, ஒவ்வொன்றாகப் புரட்டி எண்ணினான். ஏழு வரை எண்ணியதும் அவன் தோள்கள் தளர்ந்தன. பிறகு, சந்தேகம் தீராமல், முதலிலிருந்து மறுபடியும் எண்ண ஆரம்பித்தான்.

குமுதா தன் பேனாவையும் அளவுகோலையும் பையில் போட்டுக்கொண்டு படியிறங்கினாள். கீழே தே கடைக்காரர் பழக்கத்தில் இரண்டு விரலைக் காட்டி, ரெண்டா என்று தலையசைத்துக் கேட்டார். அவள் வேண்டாம் என்று தலையசைத்துவிட்டுக் காரை நோக்கி நடந்தாள்.